குளக்கட்டில் வெட்டிய கந்தூரி அடுப்பு

சவளக்கடை,
புதன்கிழமை, அஸருக்கு முன்.

அன்பும் பண்பும் நிறைந்த மருமகன் றம்ஸீன் அவர்களுக்கு, மாமா மீராமுகைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு. அல்லாஹ்வின் அருளால் இங்கு நாங்கள் யாவரும் நலம். கட்டார் வெயிலிலும் தாங்கள் வாடாமல் இருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம். தங்கள் மனைவி, என் மகள் ஸுஹைறா நலம். தங்கள் மகள் அப்னா நலம். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, அது நல்ல செய்தி. தங்கள் மாமி நபீஸா கோபமாக இருக்கிறா, அதுவும் நலத்துக்கு அடையாளம். குளமும் நலம்.

குளத்தின் நலத்தைத் தனியாக எழுதக் காரணம், தாங்கள் ஸுஹைறாவின் போனுக்கு அனுப்பிய குரல்செய்தியை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். பேஸ்புக்கில் யாரோ போட்ட படத்தில் தங்கள் வீட்டு விறாந்தையால் தண்ணீர் ஓடுவதையும், தங்கள் ஆடு பிளாஸ்ரிக் கதிரையில் ஏறி நிற்பதையும் கண்டு பதறிப்போய், "குளக்கட்டு பாதுகாப்பில்லாட்டி ரெண்டு பேரையும் மருதமுனைக்கு எங்கட உம்மாட ஊட்ட கொண்டுபோய் விடுங்க மாமா, நான் லீவில வந்து அங்கயே ஒரு ஊடு பார்க்கிறன்" என்று சொல்லியிருந்தீர்கள். அதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமில்லை மகன். இருக்கிறது ஒரு மகள், அவளுக்கு ஒரு பிள்ளை. குளக்கட்டில் இருந்து பார்த்தால் உங்கட வீட்டு ஓடு தெரியும், அடுப்படிப் புகை தெரியும். அவர்களை அனுப்பிப்போட்டு நான் புகையில்லாத ஓட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதா? ஆகவே நடந்தது முழுவதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். போனில் கதைத்தால் இடையில் நபீஸா புகுந்துவிடுகிறா. நாளைக்கு டோஹாவுக்குப் பயணமாகும் பஸாலிடம் மாசிச் சம்பலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் குளத்தைச் சொல்ல வேணும். நீங்கள் கடற்கரைப் பிள்ளை, கடலைத்தான் தெரியும். எங்கட மருதடிக்குளம் சின்னக்குளம், ஆனால் அதன் வேலை சின்ன வேலை இல்லை. மேற்கே காட்டுப்பக்கம் பெய்கிற மழையெல்லாம் விழுந்தடித்து ஓடிவந்து இதற்குள் இறங்கி, இளைப்பாறி, மறுகாத்தான் பைய வெளியே போகும். அப்படிப் போவதற்குக் கட்டின் ஒரு தொங்கல் ஓரத்தில் பதிவாகக் கல்லால் ஒரு வாசல் கட்டியிருக்கு, அதைத்தான் நாங்கள் வான் என்று சொல்கிறது. கட்டு இல்லாட்டி அந்தத் தண்ணி ஒரே மூச்சில வயல் வட்டைக்குள்ள பூந்து வெள்ளாமையையும் உங்கட ஊட்டையும் ஒண்டா அள்ளிக்கொண்டு போயிரும்.

தபால் கந்தோரில இருந்து பென்சன் எடுத்த நாள் தொட்டு அந்தக் கட்டில குந்தியிருந்து பார்க்கிறதுதான் எனக்கு வேலை. விடியக்குள்ள தண்ணிக்கு மேல பனிப்புகார் படுத்துக் கிடக்கும். தாமரை இலைக்கு மேல இலைக்கோழி நடக்கும், கால் நனையாது. நீர்க்காகம் செட்டைய விரிச்சி வெயில் காயும். வெயில் ஏற ஏற தண்ணி பச்சையா இருந்து நீலமாகி, நீலமா இருந்து வெள்ளியாகி, மறுகா ஒரு நிறமும் இல்லாமப் போயிரும். அந்த நிறமில்லாத நேரத்தில எனக்குக் கண் சொருகும். அது நித்திரை இல்ல, ஆக்கள்தான் நித்திரை எண்டு சொல்றாங்க. "குளத்தையே நிக்காஹ் முடிச்சிருக்கலாமே, நான் ஏன் இடையில?" எண்டு உங்கட மாமி கேப்பா. விவசாய அமைப்பும் பார்த்திச்சி, இந்த மனிசன் எப்பிடியும் அங்கதான் கிடக்கப் போறாரு எண்டு என்னையே குளக்கட்டுக் காவலுக்குப் போட்டிட்டாங்க. கட்டில மாடு ஏறப்படா, மரம் முளைக்கப்படா, உடும்பு பொந்து தோண்டப்படா, அதைப் பார்க்கிறது எண்ட பொறுப்பு. மாடு ஏறல்ல மகன். உடும்பும் தோண்டல்ல. தோண்டினது நாங்க.

இந்த முறை மாரி சுணங்கிப் போச்சி. விதைச்ச வயல் வெடிச்சிக் கிடந்திச்சி, குளத்தில தாமரைக் கிழங்கு வெளிய தெரிஞ்சிச்சி. அமைப்புத் தலைவர் நளீர் ஹாஜியார் கூட்டம் போட்டு, மழை கேட்டு ஊருக்கே கந்தூரிச் சோறு குடுக்கிறது, குளத்தடியிலயே ஆக்கிறது எண்டு முடிவெடுத்தாரு. வழமையா ஆக்கிறது கீழ மருத மரத்தடியில. சமையலுக்கு வந்த ஆதம்பாவாவ உங்களுக்குத் தெரியும்தானே, உங்கட கலியாணத்துக்கும் அவர்தான் ஆக்கினாரு. அவர் மரத்தடியில நிண்டு விரல நனைச்சித் தூக்கிப் புடிச்சிப் பார்த்து, முகத்தச் சுழிச்சி, "இஞ்ச காத்து இல்ல காக்கா, காத்து இல்லாட்டி சோறு குழையும்" எண்டு எனக்குச் சொன்னாரு. மறுகா கட்டுக்கு மேல ஏறினாரு. குளத்துப் பக்கத்தால காத்து சோக்கா வருகுது. மண்ணும் நல்லா இறுகின களி, வெட்டினா உதிராது. "அல்லாஹ் இந்தக் கட்ட அடுப்புக்கெண்டே படைச்சிருக்கான்" எண்டு சொல்லிப்போட்டு, காத்து இந்தப் பக்கத்தால பூந்து அந்தப் பக்கத்தால போற மாதிரி, குளத்துப் பக்கத்தில இருந்து வயல் பக்கம் வரைக்கும், கட்டுக்குக் குறுக்கால, சோறாக்கிற பெரிய கிடாரத்துக்கு அளவெடுத்து, நீளமா ஆழமா ஒரு அடுப்பு வெட்டினாரு. நாங்க எல்லாரும் சுத்தி நிண்டு பார்த்தம். நளீர் ஹாஜியார் "மாஷா அல்லாஹ், என்ன நேர்!" எண்டாரு. கட்டுக் காவல்காரன் நான், மண்வெட்டி எடுத்துக் குடுத்தன். ஒருத்தருக்கும் ஒண்டும் தோணல்ல மகன், எல்லாருக்கும் பசி.

அந்தச் சோத்தையும் இறைச்சி ஆணத்தையும் எழுதி உங்களுக்குச் சோட்டை உண்டாக்கப்படா. சஹன் தட்டச் சுத்திக் குந்தினம், மௌலவி கையேந்தினாரு. "யா அல்லாஹ், எங்கட குளத்த நிரப்பு" எண்டு அவர் கேக்க, நாங்க ஆமீன் சொன்ன சத்தத்தில நீர்க்காகமெல்லாம் எழும்பிப் போச்சி. அளவு ஒண்டும் சொல்லிக் கேக்கல்ல. வாற மழையில ஒரு சொட்டும் வீணாப் போகப்படா, சிறுபோகத்துக்கும் தண்ணி வேணும் எண்டு நளீர் ஹாஜியார் உரப்பேக்குக்குள்ள மண்ண நிரப்பி வான் வாசல முதல் நாளே அடைச்சி வெச்சிருந்தாரு. அந்த நேரம் பார்த்து நீர்ப்பாசனத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜீவராஜ் தம்பி மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்கினாரு. கல்லாத்துப் புள்ள, நல்ல குணம், என்னைக் கண்டா "ஹாஜியார்" எண்டுதான் கூப்பிடுவாரு, நான் இன்னும் மக்காவுக்குப் போகல்ல தம்பி எண்டு சொன்னாலும் கேக்கமாட்டாரு. அடைச்சிக் கிடந்த வான் வாசலப் பார்த்ததும் அவருட முகம் கறுத்துப் போச்சி. "ஹாஜியார், இது மண்கட்டு. சீமெந்துக் கட்டுக்கு மேலால தண்ணி போனா கட்டு நனையும், மண்கட்டுக்கு மேலால போனா கட்டே கரைஞ்சி போயிரும். அதுக்குத்தானே வான் வெச்சிருக்கு? பேக் எல்லாத்தையும் இண்டைக்கே எடுங்க" எண்டாரு. நாங்க "ஓம் தம்பி, ஓம் தம்பி" எண்டு சொல்லி அவரையும் குந்த வெச்சம். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டாரு எண்டு தனியா முட்டை பொரிச்சி, வாழையிலையில சோறு போட்டம். சாப்பிடச் சாப்பிட அவருட குரல் இறங்கிச்சி. அடுப்புக்கு மேல கிடாரம் இருந்ததால அதுக்குக் கீழ என்ன கிடக்கு எண்டு அவருக்குத் தெரியல்ல. கை கழுவிப்போட்டு "நாளைக்காவது எடுங்க" எண்டு சொல்லிப் போனாரு. ஆதம்பாவாவும் சாம்பலையும் கொஞ்சம் மண்ணையும் அடுப்புக்குள்ள காலால தள்ளி மூடிப்போட்டு, கிடாரத்த வயல் கொட்டில்ல கவிட்டு வெச்சிட்டுப் போயிட்டாரு.

அண்டைக்கு எனக்கு ஒரு கனவு. குளம் எங்கட ஊட்டுக்கு வந்திரிக்கி. வாசல்ல நிண்டு ஸலாம் சொல்லிப்போட்டு ஈரக் காலோட உள்ளுக்கு வந்து, ஒரு கதிரை காணாம, பைய பைய எல்லாக் கதிரையிலயும் இருந்திச்சி. மாமி தேத்தண்ணி நீட்டுறா, அது "வேணா மச்சி, தண்ணி நிறைய இரிக்கி" எண்டு சொல்லுது. அதுட மடியில தாமரை எல்லாம் பூத்துக் கிடக்கு. நாங்க ரெண்டு பேரும் என்னென்னமோ கதைச்சம், ஒரு சொல்லும் ஞாபகம் இல்ல, ஆனா அப்பிடி ஒரு சந்தோசம், கண்ணத் துறக்க மனமில்லாமக் கிடந்தன். துறந்து பார்த்தா மழை.

மழை எண்டா மழை, மகன். வானம் பூமி எண்டு பிரிச்சிப் பார்க்க ஏலாது. ஊரெல்லாம் கந்தூரிக் கதைதான், மௌலவி ரோட்டால போனா ஆக்கள் சைக்கிள விட்டு இறங்கி ஸலாம் சொன்னாங்க. மழை விடாம ஊத்த ஊத்த அதே ஆக்கள் அவரப் புடிச்சி, இனிக் காணும் எண்டு ஒரு துஆ கேளுங்க எண்டு நிண்டாங்க. "இந்த முறை அளவு சொல்லிக் கேப்பம்" எண்டு அவர் ஒத்துக்கிட்டாரு. நான் குடையப் புடிச்சிக்கிட்டுக் கட்டில குந்திக் குளம் ஏறுறதப் பார்த்தன். தாமரைத் தண்டு நீண்டு நீண்டு இலையெல்லாம் தண்ணியோட கூடவே மேல வந்திச்சி. மழைச் சத்தத்தில உலகத்தில வேற சத்தமே இல்ல, மனிசனுக்கு உடம்பே இல்லாத மாதிரி ஒரு லேசு. அந்த நேரம் போன் அடிச்சிச்சி. ஜீவராஜ் தம்பி. "ஹாஜியார், வான் பாயுதா?" "இல்ல தம்பி, அல்ஹம்துலில்லாஹ், ஒரு சொட்டும் போகல்ல, எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருக்கம்" எண்டன். அந்தப் பக்கம் இருந்து "ஐயோ ஹாஜியார்!" எண்டு ஒரு கத்து, போன் அறுந்து போச்சி. நல்ல செய்தி சொன்ன மனிசனுக்கு ஏன் ஐயோ எண்டாரு எண்டு யோசிச்சிக்கொண்டு இருந்தன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சி, சோறு தின்னாமலே கட்டுக்கு வந்திட்டன். மழை விட்டு ஒரு மஞ்சள் வெளிச்சம். குளம் கட்டுட விளிம்புக்குக் கிட்ட வந்து தளும்பிக்கிட்டு நிக்கி. அந்த அடுப்பு இருந்த இடத்தில சாம்பல் கறுப்பா ஊறி வந்திச்சி. மறுகா நூல் மாதிரித் தண்ணி. அந்த நூல் கரித்துண்டத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டி வயல் பக்கம் இறங்கிப் போகுது. பின்னால ஒரு தாமரை இதழ் வந்திச்சி, அதுக்குப் பின்னால ஒரு கெளுத்திக் குஞ்சு வந்திச்சி, வழி கேக்கிற மாதிரிக் கொஞ்சம் நிண்டு அதுவும் போச்சி. ஒரு ஆறு பிறக்கிறத ஆர் மகன் கண்ணால கண்டிருக்காங்க? நான் கண்டன். கண்ணெடுக்காமப் பார்த்துக்கொண்டே இருந்தன், அவ்வளவு வடிவு. அதுட ஒரு கரை பொத்தெண்டு விழுந்திச்சி. நூல் கை அகலமாகிச்சி. இது எங்க போகுது எண்டு கிறுகிப் பார்த்தன். நேர கீழ உங்கட ஊட்டு ஓடு.

அதுக்குப் பிறகு நான் செஞ்சதில யோசினை ஒண்டும் இல்ல. எழும்பிப் போய் அந்த அடுப்புக்குள்ள குந்திட்டன். முதுகு குளத்துக்கு, முகம் வயலுக்கு. வயிறு வெச்சிட்டு, வயிறு வெச்சிட்டு எண்டு உங்கட மாமி எத்தனை நாள் ஏசியிருப்பா! கிடாரத்துக்கு வெட்டின அடுப்பு எனக்கு அளவாத்தான் இருந்திச்சி, தண்ணி நிண்டிச்சி. ஸுஹைறாவும் அப்னாவும் அந்த நேரம் மேட்டில எங்கட ஊட்ட இருந்தாங்க, அதனால எனக்குப் பயம் ஒண்டும் இருக்கல்ல, சாமான் நனையுமே எண்டு மட்டும்தான் கவலை. குந்தினபடியே கத்தினன். வட்டை முழுக்கக் கேட்டிருக்கும்.

நளீர் ஹாஜியார் சாரனத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஓடி வந்தாரு, ஆதம்பாவா வந்தாரு, தொழுதிட்டுப் போன ஆக்கள் எல்லாம் தொப்பியோட வந்தாங்க. ஜீவராஜ் தம்பியும் ரோட்டு வெள்ளத்தத் தாண்டி உடம்பெல்லாம் சேறா வந்து நிண்டு, என்னைக் கண்டு, "ஹாஜியார், அதுக்குள்ள என்ன செய்றீங்க?" எண்டாரு. "வேகுறன் தம்பி" எண்டன். அவர் சிரிக்கல்ல. "வானில கிடக்கிற பேக்க எடுத்து இஞ்ச போடுங்க!" எண்டு ஒரு சத்தம் போட்டாரு. அப்பதான் எல்லாருக்கும் உறைச்சிச்சி, தண்ணி போக வேண்டிய இடத்த அடைச்சிப்போட்டு, போகப்படாத இடத்த வெட்டி வெச்சிருக்கம் எண்டு. நளீர் ஹாஜியார் அவர் வெச்ச பேக்க அவரே தோளில தூக்கினாரு. ஆக்கள் கட்டு நீளத்துக்கு வரிசையா நிண்டு பேக்கக் கைமாத்தினாங்க. ஆதம்பாவா கிடாரத்த உருட்டிக்கொண்டு வந்து, "காக்கா எழும்புங்க, இது இதுட இடம்" எண்டு சொல்லி, நான் எழும்பின கையோட அத அடுப்புக்குள்ள இறக்கி, உள்ளுக்குக் களிமண்ண அள்ளி அள்ளிப் போட்டாரு. அப்பிடியே பொருந்திச்சி. சுத்திவர பேக்க அடுக்கி, மேல மண்ணப் போட்டு, மௌலவி உட்பட எல்லாரும் ஏறி மிதிச்சம். அந்தப் பக்கம் வான் பாயத் தொடங்கிச்சி. வெள்ளை வெள்ளையா நுரை, அதுட சத்தம் வயித்துக்குள்ள கேக்கும். குளம் விரல் விரலா இறங்கிச்சி. சேத்துக் கையத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாரும் அதப் பார்த்துக்கொண்டு நிண்டம்.

நீங்க பேஸ்புக்கில கண்டது அந்த வான் தண்ணிதான். வாய்க்கால் கொள்ளாம மிஞ்சினது உங்கட விறாந்தையால போச்சி, கணுக்கால் அளவு. மரியாதையா முன்வாசலால வந்து பின்வாசலால போச்சி. ஆடு கதிரையில ஏறினது தண்ணிக்குப் பயந்து இல்ல, அது எப்பவும் ஏறும்.

இப்ப எல்லாம் சரி. மழை விட்ட கையோட மண் வெட்டுற பெக்கோ மெசின் வந்து, கிடாரத்தத் தோண்டி எடுத்து, அடுப்பு இருந்த இடத்த அடியோட வெட்டி, நல்ல மண் போட்டுத் தட்டுத் தட்டா இறுக்கியிருக்கு. வானில ஒரு பேக் இல்ல. இனிக் கட்டில அடுப்பு இல்ல எண்டு பள்ளிவாசல்ல அறிவிச்சாச்சி. ஆதம்பாவா மட்டும் கிடாரம் நெளிஞ்சி போச்சி எண்டு முகத்தத் தூக்கி வெச்சிருக்காரு. ஜீவராஜ் தம்பி, "கட்டு பலமாத்தான் இருக்கு, ஆனா வான் தண்ணி போற வழியில இருக்கிற ஊட்டுக்காரங்க பெருமழை எண்டா எழும்பித்தான் போகணும்" எண்டும் ஒரு கதை சொன்னாரு. அது உத்தியோகத்துக்குச் சொல்ற கதை, நீங்க அத மனசில எடுக்க வேணா. மருதமுனை பாதுகாப்பு எண்டு சொல்றீங்களே மகன், உங்கட உம்மாட ஊட்டுக்கும் கடலுக்கும் இடையில என்ன இரிக்கி? மணல் இரிக்கி, தோணி இரிக்கி. எங்கட குளத்துக்குக் கட்டு இரிக்கி, வான் இரிக்கி, அமைப்பு இரிக்கி, காவலுக்கு நான் இரிக்கன். கடலுக்கு ஆர் காவல்? இத உம்மாக்கு வாசிச்சிக் காட்ட வேணா.

ஆகவே, அன்பு மருமகனே, தங்கள் மனைவியும் பிள்ளையும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்பது அடியேனின் தாழ்மையான அபிப்பிராயம். வீடு பார்க்கும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடவும். தங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத்தைச் சொரிவானாக, தங்கள் உடலுக்கு ஆபியத்தையும் மனதுக்கு ஆறுதலையும் தருவானாக. அறையில் கூட இருக்கும் தோழர்களுக்கும் எங்கள் ஸலாம். மாசிச் சம்பலைப் பத்திரமாக வைத்துச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
தங்கள் மீது என்றும் பிரியமுள்ள மாமா,
மீராமுகைதீன்

பி.கு.: பஸாலுட பயணம் பிந்திட்டு, கடிதம் எண்ட சட்டைப் பைக்குள்ளயே கிடக்கு. அதுக்கிடையில திரும்ப இருட்டிக்கொண்டு வந்து, ரேடியோவில தாழமுக்கம் எண்டு சொன்னான். ஜீவராஜ் தம்பி வந்து கட்டு முழுக்க நடந்து பார்த்து, "பயப்பட ஒண்டும் இல்ல ஹாஜியார், கட்டு நிக்கும்" எண்டாரு. நானும் நம்பினன். நம்பித்தான் போய்க் குந்தினன். ஆனா குளத்தப் பார்க்க ஏலாமப் போச்சி மகன், கண் கீழதான் போகுது.

மேல ஒண்டு மாத்தி எழுதிட்டன். அண்டைக்கு ஸுஹைறாவும் புள்ளையும் எங்கட ஊட்ட இல்ல. கீழ உங்கட ஊட்டதான். நான் அடுப்புக்குள்ள குந்தியிருக்கக்குள்ள அப்னா முத்தத்துக்கு வந்து மேல பார்த்தா. "ஓடு புள்ள, உம்மாவக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடு" எண்டு கத்தினன். நான், அவட மூத்தவாப்பா, பகிடி விடுறன் எண்டு அவ அங்கயே நிண்டு சிரிச்சிக் கையக் காட்டினா. நான் எழும்பி ஓடினா கட்டு போயிரும், எழும்பாட்டி புள்ள அங்கயே நிக்கிறா. நானும் கையக் காட்டினன், மத்தக் கையால மண்ணப் புடிச்சிக்கிட்டு. பயம் இருக்கல்ல எண்டு எழுதினதும் பொய்.

அதனால இண்டைக்குக் காலையில ஓட்டோ புடிச்சி ரெண்டு பேரையும் மருதமுனைக்குக் கொண்டு வந்திட்டன். இது உங்கட உம்மாட ஊட்ட இருந்து எழுதறது. உம்மா தேத்தண்ணி ஊத்தித் தந்தா. நபீஸாவும் உடுப்பக் கட்டிக்கொண்டு கூடவே வந்திட்டா. கட்டுக்கு ஒரு குறையும் இல்ல, ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்க. காவலுக்கு வேற ஆளப் போடச் சொல்லிட்டன். நீங்க லீவில வந்து ஊடு பாருங்க மகன். பார்க்கக்குள்ள ஒரு அறை கூடுதலாப் பாருங்க, எங்களுக்கு. கடலப் பார்த்த ஜன்னல் வேணா. முத்தத்தப் பார்த்த ஜன்னலாப் பாருங்க, புள்ள விளையாடுறது தெரியணும்.